ஆபீசரே, நாளைக்கு வாங்க

வா மாப்ளே, உக்காரு. கட்டில் கொஞ்சம் ஆடும். பயந்துக்காதே, இங்க கேமரா கிடையாது.

ஒன்றரை நாள் உன்ற வீட்டுக்குள்ளயே கைதாகிக் கிடந்தியாமே? அம்மிணி போன் பண்ணி அழுதா. குளிக்கலையாம், சவரம் பண்ணலையாம். கக்கூசுக்குப் போறதுக்குக்கூட போனைக் கதவுக்கு வெளிய சாத்தி வெச்சு, ‘மே ஐ கோ சார்’னு கேட்டுட்டுத்தான் போனியாம். முப்பத்தஞ்சு வருசம் பள்ளிக்கூடத்துப் பையனுகளை அப்படிக் கேக்க வெச்ச பாவம், ரிட்டயர் ஆனதுக்கப்புறம் உன்ற தலையிலயே வந்து விடிஞ்சிருக்குது.

மூஞ்சியைத் தூக்காதே. மாமன் கிண்டல் பண்ணாம வேற எவன் பண்ணுவான்? மோரைக் குடி. நடந்ததை நீ சொல்ல வேண்டாம், அம்மிணி நாலு தடவை சொல்லிட்டா. நான் சொல்றேன், நீ கேட்டுக்க.

முதல்ல ஒரு போன். டிராய்ல இருந்து பேசறோம், இன்னும் ரெண்டு மணி நேரத்துல உங்க நம்பரைக் கட் பண்ணிருவோம், விவரம் வேணும்னா ஒன்பதை அமுக்குங்க. நீ அமுக்கின. டிராய்ங்கிறது டெல்லியில உக்காந்து போன் கம்பெனிக்காரனுகளுக்குச் சட்டதிட்டம் போடற ஆபீசு. உன்ற நம்பரைப் பிடுங்கறது அவங்க வேலையே இல்லை. நாங்க யாருக்கும் அப்படிப் போன் பண்றதில்லை சாமிகளான்னு அவங்களும் அறிக்கை விட்டு ஓஞ்சு போயிட்டாங்க. நீ ஒன்பதுக்குப் பதிலா எட்டை அமுக்கியிருந்தாலும் அதே ஆளுதான் வந்திருப்பான், அது வேற விசயம்.

அடுத்து மும்பைப் போலீசு. உன்ற ஆதாரை வெச்சு எவனோ சிம் வாங்கி, பேங்குல கணக்குத் தொறந்து, கோடிக்கணக்குல கறுப்புப் பணம் ஓட்டியிருக்கானாம். போன வருசம் உன்ற தம்பிக்கு வந்த போன்ல தைவானுக்குப் பார்சல். அதுக்குள்ள அஞ்சு பாஸ்போர்ட்டு, போதை மாத்திரை. எப்பப் பாரு தைவான். நம்ம ஒறம்பரையில தைவானுக்கு ஒரு தேங்காய் அனுப்பினவன் உண்டா? ஆனா அவன் சொன்னதும் உன்ற தம்பி, ‘எப்ப அனுப்பினேன்?’னு ரோசனை பண்ணியிருக்கறான்.

நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீ பொறந்த நாள்ல இருந்து சர்க்காரு என்னைக்காச்சும் தானா உன்னைத் தேடி வந்திருக்குதா?

எங்கய்யன் போனதுக்கப்புறம் நாலு ஏக்கராவுக்குப் பட்டாவை என்ற பேருக்கு மாத்த நான் நடந்த நடை உனக்குத் தெரியும். ஏழு வருசம். செருப்பு மட்டும் நாலு சோடி தேஞ்சுது. ஒரு நாள் போனா ஆள் இல்லை. ஒரு நாள் ஆள் இருக்கறாரு, ரெஜிஸ்டர் இல்லை. ஒரு நாள் ரெண்டும் இருக்குது, கையெழுத்துப் போடறவரு கூட்டத்துக்குப் போயிட்டாரு. என்னைக்குப் போனாலும் ஒரே மந்திரம்தான்: ‘நாளைக்கு வாங்க.’ அந்த ஆபீசு எதுன்னு மட்டும் கேக்காதே. இன்னும் ஒரு உட்பிரிவு பாக்கி இருக்குது.

அப்பேர்ப்பட்ட சர்க்காரு, உனக்குன்னா மட்டும் ஒரு இன்ஸ்பெக்டர், ஒரு சிபிஐக்காரரு, ஒரு ஜட்ஜு மூணு பேரையும் ஒரே மத்தியானத்துல ஒரே போன்ல கொண்டாந்து நிறுத்துமா? அதுவும் பேச்சுக்குப் பேச்சு ‘சார்’ போட்டு? அந்த வேகத்தைப் பாத்த உடனே உனக்கு மயிர்க்கூச்செடுத்திருக்க வேண்டாமா? நம்மூர்ல ஒரு வரப்புத் தகராறுக்கு வாய்தா வாங்கி வாங்கியே கேஸ் போட்டவனும் செத்து, எதிராளியும் செத்து, இப்பப் பேரனுக போயிட்டு வர்றானுக.

சரி, நீ எங்க விழுந்தேன்னு சொல்றேன். பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்கு என்னோட ஒரு தடவை வந்தியே, அரை டவுசர் போட்ட காலத்துல? ஒரு செவ்வாக்கிழமை. மயிலைக் காளை ஒண்ணுக்கு விலை பேசிட்டு இருந்தேன். ஒரு தரகன் துண்டுக்குள்ள என்ற விரலைப் பிடிச்சுக்கிட்டு, ‘சீக்கிரம் சொல்லுங்க, கேரளாக்காரன் பணத்தோட நிக்கறான்’னு நெருக்கறான். என்ற கையில வேர்த்துப்போச்சு. அப்ப இன்னொருத்தன் எங்கிருந்தோ வந்து, ‘ஏப்பா, கவுண்டரை இப்படியா விரட்டறது? அவரு தங்கமான மனுசன். நீங்க பதறாதீங்க, நான் பேசி அஞ்சு நிமிசம் வாங்கித் தர்றேன்’னு என்ற தோள்மேல கையப் போடறான். ரெண்டு பேரும் ஒரே வூட்டுல சோறு திங்கறவனுக. மாடு நொண்டி.

உனக்கு நடந்ததும் அதே சந்தைதான். துண்டு மட்டும் இல்லை. முதல்ல வந்த இன்ஸ்பெக்டர் காக்கிச்சட்டை போட்டுக்கிட்டு, பின்னால ஒரு கொடியை நட்டு வெச்சுக்கிட்டுக் கத்தினான். அடுத்து வந்த பெரிய ஆபீசரு என்ன சொன்னான்? ‘சார், உங்களைப் பாத்தாத் தப்புப் பண்ணினவரு மாதிரியே தெரியலை. எங்கப்பாவும் ஹெட்மாஸ்டர்தான். எப்படியாச்சும் இதுல இருந்து உங்களைக் காப்பாத்தறேன்.’ நீ கண்ணுல தண்ணி விட்டிருக்கற. கத்தினவனுக்கு நீ ஒத்தை ரூபாய் குடுக்கலை மாப்ளே. ஆறுதல் சொன்னவனுக்குத்தான் அள்ளிக் குடுத்த.

சந்தையில நான் என்ன பண்ணினேன்? ‘விலையெல்லாம் அப்புறம். மாட்டை நடக்க விடு’ன்னேன். நாலு எட்டு வெக்கறதுக்குள்ள நொண்டி தெரிஞ்சுபோச்சு. போன்ல வர்றவனையும் நடக்க விடலாம். ‘சரிங்க சார், நான் போனை வெச்சுட்டு எங்க ஏரியா ஸ்டேசன்ல போயி உக்காந்துக்கறேன். நீங்க அங்க கூப்பிட்டுப் பேசுங்க.’ நிஜப் போலீசுக்கு அதுல என்ன நட்டம்? உன்னைத் தேடற வேலை மிச்சம். பொய்ப் போலீசு மட்டுந்தான் போனை வெக்காதே, வெக்காதேன்னு கெடந்து துடிப்பான். ஒரு வாட்டி நீ போனை வெச்சு, மூஞ்சி கழுவி, அம்மிணிகிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டா அவன் போட்ட மந்திரம் கலைஞ்சு போயிரும். அதுக்குத்தான் யாருகிட்டயும் சொல்லக்கூடாது, நாட்டு ரகசியம்னு சத்தியம் வாங்கறது. ‘வூட்டுக்காரிகிட்டச் சொல்லாதே’ன்னு ஆரம்பிச்ச எந்தக் காரியம் உருப்பட்டிருக்குது சொல்லு.

என்ற பேத்தி சட்டம் படிக்கறாளே, அவளைக் கேட்டேன். ‘இந்த டிஜிட்டல் அரஸ்ட்டுங்கிறது என்ன கண்ணு?’ ‘சட்டத்துல அப்படி ஒண்ணு கிடையாதுங்க அப்பிச்சி’ன்னா. 2024 ஜூலை 1-ல இருந்து ஒரு புதுச் சட்டம் நடக்குதாம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சங்கிதா. பேரைச் சொல்றதுக்குள்ள எனக்கு ஒரு டம்ளர் தண்ணி வேணும். அதுல 43-ஆவது பிரிவு. கைதுன்னா ஆளைத் தொடணும், இல்லாட்டி உடம்பை அடைச்சு நிறுத்தணும். நானே வந்துடறேன்னு ஆளே இணங்கி வந்தாத் தொட வேண்டியதில்லை. பொம்பளைகளுக்குக் கொஞ்சம் வேற மாதிரி. பழைய சட்டத்துலயும் இதேதானாம். அட, எமனையே எடுத்துக்க. பாசக்கயித்தைத் தூக்கிக்கிட்டு, எருமை மேல ஏறி, நேர்ல வந்துதானே பிடிக்கறான்? வாட்ஸப்புலயா வர்றான்?

இன்னொண்ணும் சொன்னா. விசாரணைக்கு ஆஜராகச் சொல்லிப் போலீசு குடுக்கற நோட்டீசை வாட்ஸப்புல அனுப்பினாச் செல்லாதுன்னு 2025 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்குதாம். உனக்கு வந்துது பாரு ஒரு லெட்டரு, அதை அவகிட்டக் காட்டினேன். சுப்ரீம் கோர்ட்டு முத்திரை, சிபிஐ முத்திரை, ரிசர்வ் பேங்கு முத்திரை, மூணும் ஒரே தாள்ல. நம்ம பக்கம் ஒரு தாள்ல ரெண்டாவது முத்திரை விழறதுக்குள்ள அந்தத் தாள் மஞ்சளாயிரும். அது போக, ‘அரஸ்ட்’டுங்கிற இங்கிலீசு வார்த்தையிலயே எழுத்துப் பிழையாம். அவ விழுந்து விழுந்து சிரிக்கறா. ஒரே பாட்டியை நாலு தடவை சாகடிச்சு லீவ் லெட்டர் எழுதின பையனையெல்லாம் பிடிச்ச ஆளு நீ. சிவப்பு மைப் பேனா அன்னைக்கு எங்க போச்சு?

உன்னை மட்டும் குத்தம் சொன்னா என்ற நாக்கு அழுகும். லூதியானாவுல ஒரு பெரிய முதலாளி, எண்பத்திரெண்டு வயசு, பத்மபூஷண் வாங்கினவரு. 2024-ல அவருக்கு ஸ்கைப்புல ஒரு சுப்ரீம் கோர்ட்டையே கூட்டி, தலைமை நீதிபதி மாதிரி ஒருத்தனை உக்கார வெச்சு, ஏழு கோடியைக் கறந்துட்டானுக. நூல் மில்லு முதலாளிக்கே நூல் விட்டிருக்கானுக பாரு! அவரு வெக்கப்பட்டுக்கிட்டு மூடி மறைக்காமப் புகார் குடுத்தாரு, அஞ்சு கோடிக்கு மேல மீட்டுக் குடுத்தாங்க. டீக்கடைப் பேப்பர்ல ஒரு கணக்குப் பாத்தேன், நாடாளுமன்றத்துல சொன்னது. 2024-ல மட்டும் இந்த டிஜிட்டல் அரஸ்ட்டும் அதைச் சேர்ந்த பித்தலாட்டமுமா 1,23,672 புகார், 1,935 கோடி ரூபாய். அந்த வருசம் அக்டோபர் 27-ஆந்தேதி பிரதமரே ரேடியோவுல, இப்படி ஒரு கைது சட்டத்துல இல்லைன்னு சொன்னாரு. அப்புறம் போன் எடுத்தாலே முன்னால ஒரு குரல் வந்து அதையேதான் சொல்லிட்டு இருந்துது. ‘எப்படா முடிப்பே’ன்னு நீதான் அதைத் திட்டின. மாடு செத்துப்போச்சுன்னு அவசரமாச் சொல்ல முடியலைன்னு நானும் திட்டினேன், அதையும் ஒத்துக்கறேன்.

இந்தக் கதையில எனக்குச் சிரிப்பு வராத இடம் ஒண்ணு இருக்குது. அந்தப் பக்கம் பேசறானே, அவனுகள்ல சில பேரு நெசமாவே கைதாகிக் கிடக்கறவனுக. தாய்லாந்துல கம்ப்யூட்டர் வேலை, நல்ல சம்பளம்னு ஏசன்ட் பேச்சை நம்பிப் போயி, எல்லையைத் தாண்டி மியான்மர்ல மியாவாடிங்கிற ஊர்லயும், கம்போடியாவுலயும் மதிலுக்குள்ள மாட்டிக்கிட்ட பசங்க. பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வெச்சுக்கிட்டு, இன்னைக்கு இத்தனை பேரை ஏமாத்துன்னு அடிக்கறானுகளாம். 2022-ல மியாவாடியில இருந்து நம்ம தமிழ்ப் பசங்களையும் மீட்டுக் கொண்டாந்தாங்க. அதுல எவனாச்சும் நீ பாடம் சொல்லிக் குடுத்த பையனா இருந்தாலும் இருக்கலாம். சம்பளம் அதிகம்னு வந்த போனை அவன் நம்பினான், கைதுன்னு வந்த போனை நீ நம்பின.

ஊர்ப்பக்கம் வர்றதெல்லாம் இதைவிடச் சின்னச் சரக்கு. ‘இன்னைக்கு ராத்திரி 9.30-க்கு உங்க கரண்டைக் கட் பண்ணிருவோம், இந்த நம்பருக்குப் பேசுங்க’ன்னு ஒரு மெசேஜ். பில்லு கட்டலைன்னா லைன்மேன் வந்து பீஸைப் பிடுங்குவாரு. நேரம் குறிச்சு அனுப்ப இது என்ன முகூர்த்தப் பத்திரிகையா? பிஎம் கிசான் பணம் வாங்க இந்த ஆப்பை ஏத்துங்கன்னு வாட்ஸப்புல ஒண்ணு. கீழத்தோட்டத்துக்காரன் ஏத்திக்கிட்டான். வருசத்துக்கு ஆறாயிரம் வர வேண்டிய இடத்துல இருந்து முப்பத்தெட்டாயிரம் போச்சு. உன்னை மாதிரிப் பென்சன்காரங்களுக்கு உயிர்வாழ் சான்று. உங்க பென்சன் நம்பரு, ரிட்டயரான தேதி எல்லாம் சரியாச் சொல்லிட்டு, ஓடிபி மட்டும் நீங்க சொல்லுங்கம்பான். அத்தனையும் தெரிஞ்சவனுக்கு அந்த ஆறு நம்பர் மட்டும் ஏன் தெரியலைன்னு கேக்கணும். ஓடிபிங்கிறது பணப்பெட்டிச் சாவி மாப்ளே. நீ உசுரோட இருக்கறதுக்கு அது எதுக்கு?

என்ற வூட்டுக்காரிக்கு வந்த போனைச் சொல்லலையே. மகளிர் உரிமைத் தொகை, அந்த ஆயிரம் ரூபாய், 2023 செப்டம்பர்ல ஆரம்பிச்சாங்களே, அந்தச் சமயம். ‘அம்மா, உங்களுக்குப் பணம் ஏறலை. ஒரு நம்பர் வந்திருக்கும், அதைச் சொல்லுங்க’ன்னு ஒரு பையன். இவ அப்பத்தான் மொளகாய் காயப் போட்டுட்டு உக்காந்திருக்கறா. பேச ஆள் இல்லாம இருந்தவளுக்குப் பேச ஆள் கிடைச்சுது. ‘நீ எந்தூருப் பையன் கண்ணு?’ன்னா. அவன் சென்னைன்னான். ‘சென்னையில எங்க? அப்பன் என்ன பண்றாரு? எத்தனை பேரு கூடப் பொறந்தது? சாப்பிட்டயா? இந்த நேரத்துக்கு வேலை பாத்தா உடம்பு என்னத்துக்கு ஆகும்? கண்ணாலம் ஆயிருச்சா?’ அவன் ‘அம்மா நம்பரு, அம்மா நம்பரு’ங்கறான். இவ, ‘நம்பர் எங்க போயிரும், இரு. எங்க சின்ன நங்கையா மக ஒருத்தி இருக்கறா, டீச்சருக்குப் படிச்சிருக்கறா’ங்கறா. இருபது நிமிசம். கடைசியில போனை வெச்சது அவன்தான். சிபிஐ விசாரணையெல்லாம் இவ விசாரணைக்கு முன்னால எம்மாத்திரம்!

எனக்கும் ஒண்ணு வந்துது. நான் வேற வழி வெச்சிருக்கறேன். ஏழு வருசம் நடந்து கத்துக்கிட்ட மந்திரம் ஒண்ணு இருக்குதல்ல? அவன் கஸ்டம்ஸ் ஆபீசருன்னு ஆரம்பிச்சதும், ‘பெரியவரு இல்லைங்க, சாப்பிடப் போயிருக்காரு’ன்னேன். எப்ப வருவாருன்னான். ‘சொல்ல முடியாதுங்க. நீங்க என்ன விசயமோ அதை மனுவா எழுதிக் குடுங்க. மூணு காப்பி. ஆதார் ஜெராக்ஸ் ரெண்டு வெச்சுருங்க.’ அவனுக்குப் புரியலை. அரஸ்ட் பண்ணுவோம்னான். ‘பண்ணலாமுங்க. அதுக்குத் தனிச் செக்சன். அந்தக் கிளார்க் இன்னைக்கு லீவு. நாளைக்கு வாங்க’ன்னேன். இந்தியில ஒரு கெட்ட வார்த்தை சொல்லிட்டு வெச்சான். சந்தையில வடக்கத்திக்காரனுகளோட பழகினதால அர்த்தம் தெரியும். என்ற அம்மாவைப் பத்தித்தான். அவ போயி நாப்பது வருசமாச்சு, அவளை அவன் என்ன பண்ண முடியும்?

நீ இப்படி வெளையாடாதே. உனக்கு வராது. நீ பதில் சொல்லிப் பழகின ஆளு, கேள்வி கேட்டா முழுசா அஞ்சு மார்க்குக்கு எழுதுவ. நீ கட் பண்ணு, அது போதும்.

அந்தப் பேங்குப் பொண்ணு மட்டும் இல்லைன்னா உன்ற கதி என்ன ஆயிருக்கும்? முந்தின நாள் சாயந்திரமே தொண்ணூறாயிரத்தை போன்லயே தள்ளிட்ட. ரிசர்வ் பேங்குல சரிபாத்துட்டுத் திருப்பித் தருவாங்களாம்! ரிசர்வ் பேங்குல உனக்கும் எனக்கும் கணக்கே வெக்க மாட்டாங்கடா. அடுத்த நாள் டெபாசிட்டை உடைக்கப் போயி நின்ன, சட்டைப்பையில அந்தப் போன் ஓடிக்கிட்டே இருக்குது. ‘என்ன சார், திடீர்னு இவ்வளவு பணம்?’னு அவ கேட்டா. அவன் சொல்லிக் குடுத்த பொய்யை நீ ஒப்பிச்ச: ‘பேத்திக்குக் கல்யாணம்.’ போன வருசந்தான் உன்ற மகனோட போயி, அதே கவுன்ட்டர்ல, அதே பொண்ணுகிட்ட, அந்தப் பேத்தி பேருக்குச் செல்வமகள் கணக்குத் தொறந்திருக்கற. புள்ளைக்கு நாலு வயசு. அவ உன்ற மூஞ்சியைப் பாத்தா, சட்டைப்பையைப் பாத்தா, ஒரு துண்டுச் சீட்டுல ‘போன் லைன்ல இருக்காங்களா சார்?’னு எழுதித் தள்ளினா. அந்தச் சீட்டைப் பாத்துத்தான் நீ அழுதியாம். அவளுக்கு ஒரு தார் பூவன்பழம் வெட்டி வெச்சிருக்கறேன், போறப்ப எடுத்துட்டுப் போயிக் குடு.

அவளே 1930-க்குப் போன் போட்டுக் குடுத்தாளே, அது செஞ்ச காரியம். பணம் ஒரு கணக்குல இருந்து நாலு கணக்கு, நாலுல இருந்து நாப்பதுன்னு ஓடிக்கிட்டே இருக்குமாம். எவனோ கமிசனுக்கு வாடகைக்கு விட்ட கணக்குக. அது எங்காச்சும் நிக்கறப்பவே மடையை அடைக்கணும். தண்ணி கடமடைக்குப் போனதுக்கப்புறம் மம்முட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடி என்ன பண்றது? நீ ஒரு ராத்திரி தாமதிச்சதுக்கே பாதிதான் மாட்டியிருக்குது. நாப்பத்தோராயிரமா? எந்த ஊரோ ஒரு கணக்குல முடங்கி நிக்குது, விடச் சொல்லி உத்தரவு வந்தாத்தான் உன்ற கைக்கு வரும்னு என்ற பேத்தி சொன்னா.

அதுக்குத்தான் காலையில ஆபீசுக்குப் போயிட்டு வர்றியா? சட்டை கசங்கியிருக்கறதைப் பாத்தே நெனச்சேன். என்ன சொன்னாங்க? மணியார்டரு மாதிரிக் கையில குடுத்துருவாங்கன்னு நெனச்சுட்டுப் போனியாக்கும்.

நாளைக்கு வரச் சொன்னாங்களா?

அப்பச் சரி மாப்ளே, இது நிஜ ஆபீசுதான். ஜெராக்ஸ் ரெண்டு சேத்தியே எடுத்துட்டுப் போ.